பதினேழாம் தாளுக்கும் பதினெட்டாம் தாளுக்கும் நடுவே

ஒரு ஆள் ஏணியிலிருந்து கீழே விழ எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை நொடி. அந்த ஒன்றரை நொடிக்காக ஜெராக்ஸ் அக்கா ஏழு மாதம் படியேறி இறங்கினாள். அமைச்சர் ஒருவர் நடுவில் புகுந்து அவளுக்கு உதவி செய்யாமல் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் வேலை முடிந்திருக்கும்.

பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே ஆறடிக்கு எட்டடியில் ஒரு நகல் கடை. அதில் நின்று நின்றே அவளுக்கு அந்தப் பேர் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கடை முதலாளி மாதம் ஒரு நாள் வந்து இயந்திரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கடையே அவள்தான். விரல் நுனியில் எப்போதும் கறுப்புத் தூள் இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. பாகப் பிரிவினை, விவாகரத்து, கடன் பத்திரம், சாவுச் சான்றிதழ் என்று மனிதர்கள் அழுததெல்லாம் அவள் கையில் சூடாக, பக்கம் பக்கமாக வந்து விழுந்திருக்கிறது. அதனாலோ என்னவோ, காகிதத்தில் ஏறாதது எதுவும் நடந்ததாகவே அர்த்தமில்லை என்பது அவள் கட்சி.

புருஷன் ஏ.சி. மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாதவர். குடி கிடையாது, புகை கிடையாது. போகிற இடத்தில் கேஸ் நிரப்பச் சொன்னால் கேட்காமலே தூசி படிந்த வடிகட்டியையும் கழுவிக் கொடுத்துவிட்டு வருவார். அவளுக்கு அவர்மேல் இருந்த ஒரே குறை அதுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஏதோ ஓர் ஆபீஸ் கட்டடத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. டாக்டர் இரும்புத் தட்டு வைத்துத் திருகாணி போட்டார். "கால் தவறிடுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளும் நம்பினாள்.

நாலாம் நாள் கடையில் கூட்டம். வரிசையில் நின்ற பத்திர எழுத்தர் ஒருவர் கைபேசியைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அக்கா, இதைப் பாருங்களேன். குடிச்சுட்டு ஏணி மேல ஏறினா என்ன ஆகும்னு."

மரியாதைக்காக எட்டிப் பார்த்தாள். ஏணி. ஏணியின் மேல் ஒரு நீலச் சட்டை. அந்தச் சட்டையின் தோளில் கிழிசலைச் சேர்த்துப் போட்டிருந்த தையல் அவள் போட்டது. அடுத்த கணம் நீலச் சட்டை தரையில் கிடந்தது. பின்னணியில் யாரோ விசில் அடித்தார்கள், எக்காளம் ஒலித்தது, திரையில் நட்சத்திரங்கள் சிதறின. அந்த நட்சத்திரங்களுக்கு அடியில் அவளுடைய பதினாறு வருஷ வாழ்க்கை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. எழுத்தர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு பக்கம் நகல் எடுத்து, ஓரம் தட்டி, பின் அடித்து, மீதிச் சில்லறையும் கொடுத்து அனுப்பிய பிறகுதான் அவள் கடை ஷட்டரை இறக்கினாள்.

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? சின்னப் பசங்க. போகட்டும்னு விட்டேன்."

"போறது அவங்க இடுப்பா, உங்க இடுப்பா?"

பிறகுதான் முழுசாகச் சொன்னார். ஏணியில் நின்று குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பேய் முகமூடி போட்ட ஒருவன் கத்திக்கொண்டு பாய்ந்திருக்கிறான். இவருக்குப் பயம் வரவில்லை. அந்தப் பையன் மேல் கவலைதான் வந்தது. "தம்பி, கீழே வயர் கிடக்கு, பார்த்து," என்றிருக்கிறார். பயப்படாத மனிதனை வைத்து என்ன படம் எடுப்பது? முகமூடிக்காரன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து ஆட்டினான்.

முகமூடிக்குள் இருந்தவன் பேர் ஊருக்கெல்லாம் 'பகீர் அண்ணன்'. வயசு இருபத்தாறு. பிழைப்புக்காக வேலை செய்துகொண்டிருப்பவர்களைப் பின்னாலிருந்து பயமுறுத்துவதுதான் அவனுடைய பிழைப்பு. லாரி டிரைவர், சமையல்காரர், வாட்ச்மேன் என்று ஒருவரையும் விட்டதில்லை. அலறி முடித்தவர்களுக்குத் தன் பேர் போட்ட தொப்பி ஒன்று பரிசளிப்பான். இருபத்தெட்டு லட்சம் பேர் இதைப் பார்த்து வயிறு குலுங்கினார்கள். விளம்பரக் காசில் அவனுக்கு இரண்டு கார், ஒரு வீடு, வீட்டுக்குள் நீச்சல் குளம். குளத்தில் விழுந்தால் இடுப்பு உடையாது.

ஜெராக்ஸ் அக்கா புகார் கொடுக்க முடிவு செய்தாள். அங்கேதான் அவள் தொழில் அவளைக் கவிழ்த்தது. வேறு யாராவதாக இருந்தால் வீடியோவை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். அவள் அதைக் கடைக் கணினியில் ஓடவிட்டு, நிறுத்தி, நிறுத்தி, ஒவ்வொரு படமாக அச்சடித்தாள். முப்பத்திரண்டு தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் எண் போட்டு, இடது பக்கம் மூன்று பின் அடித்து, மேலே ஒரு முகப்புத் தாளும் வைத்தாள். ஓடுகிற படத்துக்கு நகல் எடுத்துவிட்டதாக அவள் நினைப்பு.

காவல் நிலையத்தில் புகார் எழுதும் ரைட்டர் அந்தக் கட்டைப் பார்த்ததும் பூரித்துப்போனார்.

"இப்படித்தாம்மா இருக்கணும். எல்லாரும் போனைத் தூக்கிட்டு வந்து 'சார் பாருங்க, சார் பாருங்க'ங்கறாங்க. இது என்ன தியேட்டரா?"

"வீடியோவும் பார்த்துடுங்க சார்."

"அதோட இணைய முகவரியை எழுதிக் கொடுங்க, வச்சுக்கறேன்."

நாற்பத்து மூன்று எழுத்து முகவரியை அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். அவர் அதைக் கட்டின் கடைசியில் சேர்த்துப் பின் அடித்தார். இணைப்பு என்றால் அந்த நிலையத்தில் பின்னால் சேர்ப்பது என்று அர்த்தம். அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இருந்தாலும் காரியம் மெதுவாக நகர்ந்தது. பகீரை ஒரு தடவை வரச் சொல்லி விசாரித்தார்கள். அந்தச் சேதி பத்திரிகையில் வந்தது. பத்திரிகையில் வந்தது அமைச்சர் கண்ணில் பட்டது.

அமைச்சருக்கு அந்தச் சமயம் கைதட்டல் பஞ்சம். மேஜையில் இருந்த வேலைகள் எல்லாம் கஷ்டமான வேலைகள், இது சுலபம். பகீர் படம் போடுகிற வீடியோ கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். 'இப்படிக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் உங்கள் மேடையில் தொடர்ந்து வருமானம் பார்ப்பது சரிதானா என்று அரசு கவலையோடு கேட்கிறது.' அது கேள்விதானாம், உத்தரவு இல்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு நலம் விசாரிப்பதும் இப்படித்தான் இருக்கும். உத்தரவு போட்டால் சட்டம் எது என்று கேட்பார்கள்; கேள்வி கேட்டால் யார் என்ன கேட்க முடியும்? கம்பெனிக்கும் விசாரணை, வழக்கு, தீர்ப்பு எல்லாம் அநாவசியமான தலைவலி. இரண்டே நாளில் பகீருடைய விளம்பர வருமானத்தை நிறுத்தினார்கள். 'எங்கள் சமூகத்தின் நலனே எங்கள் உயிர்மூச்சு' என்று ஓர் அறிக்கையும் விட்டார்கள். இத்தனை வருஷம் அந்த உயிர்மூச்சு எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கீழ் மாடியில் குடியிருக்கும் நாத்தனார் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள்.

"அண்ணி, டிவியைப் போடுங்க. ஜெயிச்சுட்டோம்."

"யாரு ஜெயிச்சது?"

"நாமதான். அவன் வருமானத்துல மண்ணு விழுந்துடுச்சு."

"உங்க அண்ணன் எழுந்து நடந்துட்டாரா?"

"உங்களுக்கு எதுலதான் திருப்தி, அண்ணி?"

உள்ளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர் இதைக் கேட்டுச் சிரித்தார். மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது, நாற்பத்திரண்டு படி. அவர் தெருவைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பகீர் என்ன ஆனான்? கண்ணாடி போடாமல், தலை வாராமல், ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான். 'ஒரு ஏழை வீட்டுப் பையனின் வயிற்றில் அரசாங்கம் அடித்துவிட்டது' என்றான். வெள்ளைச் சுவருக்குப் பின்னால்தான் நீச்சல் குளம். இருபத்தெட்டு லட்சம் நாற்பது லட்சமானது. அது மட்டும் இல்லை. இனி காசு தராத வீடியோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வக்கீல் ஒருவர் காதைக் கடித்திருக்க வேண்டும். 'அரசின் உணர்வுக்கு மதிப்பளித்து' என்று சொல்லி, ஏணி வீடியோவைத் தானே அழித்துவிட்டான். அதற்கும் அமைச்சர் ஆபீஸ் 'வரவேற்கிறோம்' என்றது.

அதன் பிறகு நாற்பத்து மூன்று எழுத்து முகவரிக்குப் போனால் சாம்பல் நிறத் திரையில் ஒரு வரி: இந்த வீடியோ இப்போது இல்லை.

ஜெராக்ஸ் அக்கா நிலையத்துக்கு ஓடினாள். ரைட்டர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"அதான் வருமானத்தை நிறுத்தியாச்சேம்மா. அமைச்சரே நடவடிக்கை எடுத்துட்டாரு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"விசாரணை வேணும் சார்."

"அதைவிடப் பெரிய தண்டனையே கொடுத்தாச்சு."

"குற்றம் செஞ்சானா இல்லையான்னே முடிவாகலை, அதுக்குள்ள எப்படி சார் தண்டனை?"

ரைட்டர் கோப்பையை வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க அவன் பக்கமா, உங்க வீட்டுக்காரர் பக்கமா?"

அவள் நேராகக் கோர்ட்டிலேயே மனுப் போட்டாள். முதல் வாய்தா வந்தது. அவளுக்காக வாதாடியது ஒரு வக்கீலம்மா. அவள் கடைக்கு எட்டு வருஷ வாடிக்கை. முப்பத்திரண்டு தாளையும் நீதிபதியிடம் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதை வாங்கி, கல்யாண ஆல்பம் புரட்டுவது போல நிதானமாகப் புரட்டினார்.

"பதினேழாம் தாளில் இவர் ஏணி மேல நிற்கிறார். பதினெட்டாம் தாளில் தரையில கிடக்கிறார். என் கட்சிக்காரர் ரெண்டுலயுமே நாலடி தள்ளி நிற்கிறார். நடுவுல என்ன நடந்தது? இந்தக் கட்டுல அதுக்குத் தாள் இல்லை, கனம் நீதிபதி அவர்களே. மயக்கம் வந்திருக்கலாம். போதையா இருந்திருக்கலாம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெராக்ஸ் அக்கா தாள்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் ஒருவருடைய பத்திரத்திலும் ஒரு பக்கம் விடுபட விட்டவள் இல்லை அவள். தன் புருஷனுக்கு எடுத்ததில் விட்டிருக்கிறாள். விரல் நிறுத்து பொத்தானுக்குப் போவதற்குள் அந்த ஒன்றரை நொடி ஓடிப் போயிருக்கிறது.

நீதிபதி ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் முழு வீடியோவைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வழக்கை எடுத்துக்கொள்ள முகாந்திரம் இல்லை என்று தள்ளிவிடுவார்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். போலீஸ்தான் எழுத வேண்டும். "மேலிடத்தைக் கேட்டு எழுதறேன்," என்றார் ரைட்டர். மேலிடம் அதற்கும் மேலிடத்தைக் கேட்டது. கடைசியில் அவள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அமைச்சர் ஆபீசுக்கே போனாள். பத்திரிகையாளர் கூட்டத்தில் அமைச்சருக்குப் பின்னால் பெரிய திரையில் ஏணி தெரிந்ததை அவள் டிவியில் பார்த்திருந்தாள். அவர்களிடம் இல்லாமலா போகும்?

குளிரூட்டிய அறையில் அமைச்சரின் உதவியாளர் அவளை எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா. உங்க கேஸ்தான் எங்களுக்கு முன்னுதாரணம். இன்னும் பதினோரு பேருக்கு இதே மாதிரி கடிதம் போயிருக்கு."

"அவங்க எல்லாம் என்ன செஞ்சாங்க?"

"புகார் வந்திருக்கு."

"யாரு கொடுத்தது?"

"பல தரப்பிலேர்ந்தும்." அவர் சிரித்தார். அந்தப் பதினொன்றில் மூன்று பேர் அமைச்சரின் மச்சான் கட்டிய பாலத்தைப் படம் பிடித்தவர்கள் என்று பிறகு ஒரு நாள் பத்திரிகையில் வந்தது.

"எனக்கு அந்த வீடியோ வேணுங்க. அன்னிக்குத் திரையில காட்டினீங்களே."

"அது வெறும் படம்மா. வீடியோவோட முகப்பு. நாங்க எதுவும் எடுத்து வைக்கலை."

"பார்த்தீங்க இல்ல?"

"எதை?"

"வீடியோவை. கடிதம் எழுதறதுக்கு முன்னாடி."

உதவியாளர் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "தலைப்பைப் பார்த்தோம்மா. அதுவே ரொம்ப மோசமா இருந்துச்சு."

"சரி. அதை ஒப்படைங்கன்னு கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதுங்க. ஒரே வரி."

"அதுல சட்டச் சிக்கல் இருக்கும்மா. ஒரு தனியார் நிறுவனத்தை அரசாங்கம் வற்புறுத்த முடியாது."

அவள் எழுந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பிய உதவியாளர், அமைச்சர் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல் ஒன்றை உறையில் போட்டு நினைவாகக் கொடுத்தார். தொழில்காரி ஆயிற்றே, பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தாள். நகலும் கோணலாக எடுத்திருந்தார்கள்.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கூட்டத்துக்கு மத்தியில் ஐந்து வாரம் போயிற்று. ஆறாவது வாரத்தில், தவணைக்கு முதல் நாள் காலையில், நாத்தனார் மறுபடியும் ஓடி வந்தாள். இந்தத் தடவை முகம் சுண்டிக் கிடந்தது.

"அண்ணி, அந்தப் பீடை புதுசா கடை விரிச்சிருக்கு."

பகீர் வேறொரு தளத்தில் உறுப்பினர் சந்தா தொடங்கியிருந்தான். காசு கட்டியவர்கள் மட்டும் உள்ளே போகலாம். வாசலில் கொட்டை எழுத்தில் விளம்பரம்: 'அரசாங்கம் உங்களைப் பார்க்க விடாத ஏணி வீடியோ. வெட்டாத முழு வடிவம்.' ஓசியில் கிடைத்தபோது வெறும் சேட்டையாக இருந்தது, அமைச்சர் தொட்டதும் புரட்சியாகிவிட்டது. நேற்றுவரை விளம்பரக் கம்பெனிகள் கொடுத்த காசை இப்போது நேராக ரசிகர்களே கொடுத்தார்கள்.

ஜெராக்ஸ் அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். வெட்டாத முழு வடிவம்.

"உன் போன்லேர்ந்து சேர்ந்துடு. என் பேரைப் பார்த்தா உஷாராயிடுவான். காசு நான் தரேன்."

"என்ன அண்ணி பேசறீங்க? ஊரே அவன் வருமானத்தை நிறுத்தணும்னு கூவுது. நீங்க போய் அவனுக்குப் பணம் கட்டுவீங்களா?"

"கட்டுவேன்."

"எங்க அண்ணன் இடுப்பை உடைச்சவனுக்கு?"

"அதுக்குத்தான் கட்டறேன். சேருடி."

இரண்டு நாள் பஸ் காசும் டீக் காசும் பகீர் கணக்குக்குப் போனது. உடனே ஒரு வாழ்த்து வந்து குதித்தது: 'நம்ம குடும்பத்துக்கு வரவேற்கிறேன், அக்கா. உங்க அன்புதான் என் பலம்.' நாத்தனார் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடியோ ஓடியது. எக்காளம் இல்லை, விசில் இல்லை, நட்சத்திரம் இல்லை. ஏணி மட்டும். இதில் பேச்சு தெளிவாகக் கேட்டது. முகமூடி பாய்கிறது. நீலச் சட்டை திரும்பிப் பார்த்து, வீட்டில் பேசுகிற அதே குரலில், "தம்பி, கீழே வயர் கிடக்கு. தடுக்கிடப் போறே, பார்த்து," என்கிறது. முகமூடி கழன்று பகீரின் முகம் வெளியே வருகிறது. "பயப்படவே மாட்டேங்கறான்டா. ஏணியை ஆட்டறேன், நீ எடு." இரண்டு கை. அப்புறம் அந்தச் சத்தம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளே, அந்தக் கைகளைப் பார்க்கத்தான் அவள் ஏழு மாதம் ஏங்கினாள். ஏணிக்கு அடியில் ஓடிப் போய் நின்று தாங்கிக்கொள்ள வேண்டும் போலக் கை பரபரத்தது. உள் அறையிலிருந்து வாக்கர் தரையில் உரசும் ஓசை வந்தது. வாசலில் அவர் நின்றிருந்தார். தன்னுடைய அலறலைத் தானே கேட்டு வந்திருந்தார்.

"நீங்களும் பார்க்கறீங்களா?"

"வேண்டாம். எனக்கு அது ஞாபகம் இருக்கு," என்றார். பிறகு, "வயர் கிடக்குன்னு சொன்னேன்ல? அது இருக்கா அதுல?" என்று கேட்டார்.

"இருக்குங்க."

அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். "இன்னொரு போன்ல பதிவு பண்ணி வைங்க. ஆனா நாளைக்குக் கோர்ட்டுல நீதிபதி முன்னாடியே அவன் தளத்தைத் திறந்து காட்டிடுவோம். நீங்க வெட்டி ஒட்டினதுன்னு யாரும் வாய் திறக்க முடியாது," என்றார் அவர். அதுவரை அவன் அழிக்காமல் இருக்க வேண்டும். அன்று முழுக்க அவள் பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை நாத்தனாருக்குப் போன் போட்டு, "இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு அண்ணி. இன்னும் முந்நூறு பேர் சேர்ந்திருக்காங்க," என்று பதில் வந்தது.

மறுநாள் பகீர் கறுப்புக் கண்ணாடியோடு கோர்ட்டுக்கு வந்தான். வாசலில் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டான். உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா மடிக்கணினியைத் திறந்து நீதிபதி பக்கம் திருப்பி வைத்தார். அறையில் இருந்தவர்களுக்குப் படம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"தம்பி, கீழே வயர் கிடக்கு."

நீதிபதி கடைசிவரை பார்த்தார். திரும்ப ஒரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரன் பக்கம் மெல்லக் குனிந்தார்.

"இதை யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"பார்த்துட்டா போட்டே?"

"வீடியோ வெட்டற பையன் சம்பளம் இல்லைன்னு போயிட்டான் சார். கிடந்ததை அப்படியே ஏத்திட்டேன். முழுசா பார்க்கலை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அமைச்சரின் கடிதம் உருப்படியாகச் சாதித்தது ஒன்றே ஒன்று, வெட்டுகிற பையனின் வேலையைப் பறித்தது. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்ளலாம். ரைட்டர் பார்க்காமல் பின் அடித்தார், அமைச்சர் பார்க்காமல் கடிதம் எழுதினார், கம்பெனி பார்க்காமல் காசை நிறுத்தியது, குற்றம் சாட்டப்பட்டவனே பார்க்காமல் விற்றான். நாற்பது லட்சம் பேர் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்ட ஒரு வீடியோவைக் கண் திறந்து முழுசாகப் பார்த்தது ஜெராக்ஸ் அக்காவும் நாத்தனாரும் வக்கீலம்மாவும் அந்த நீதிபதியும்தான்.

அசல் பதிவை அனுப்பும்படி கம்பெனிக்குக் கோர்ட்டே நேராக உத்தரவு போட்டது. இந்தத் தடவை அது கேள்வி இல்லை. வழக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த மாதம் பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

கோர்ட் வராந்தாவில் அவள் கைபேசி அடித்தது. அமைச்சரின் உதவியாளர்.

"அம்மா, வாழ்த்துக்கள். அமைச்சர் ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஒரு குற்றவாளியை எதிர்த்து நாம சேர்ந்து ஜெயிச்சிருக்கோம். சாயந்திரம் வந்தீங்கன்னா ஒரு போட்டோ."

"இன்னும் விசாரணையே ஆரம்பிக்கலைங்க. இன்னிக்குத் தேதிக்கு அவன் குற்றம் சாட்டப்பட்டவன்தான். கோர்ட்டு சொல்றதுக்கு முன்னாடி நானே அவனைக் குற்றவாளின்னு சொல்லலை. நீங்க எதுக்கு முந்தறீங்க?"

"இல்லம்மா, மக்கள் எதிர்பார்க்கறாங்க..."

"தீர்ப்பு வரட்டும். அமைச்சருக்கு நகல் வேணும்னா என் கடைக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. நேரா எடுத்துத் தரேன். பக்கத்துக்கு என்ன விலைன்னு போர்டுல எழுதியிருக்கு."

போனைப் பையில் போட்டுவிட்டு வக்கீலம்மாவிடம் திரும்பினாள். கோர்ட் இரண்டாவது மாடியில் இருந்தது; இங்கேயும் லிஃப்ட் இல்லை. புருஷனை வீட்டில் நாற்பத்திரண்டு படி இறக்கி, இங்கே முப்பது படி ஏற்ற வேண்டும். நாற்காலியோடு தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்று இருவரும் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.